கரி ஒன்றில் மட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பேருந்தில் யாரோ இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டு எழுதினேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்குப் பேருந்தில் ஏறினால் தூக்கம்தான் வரும்.

நான் கணக்கெடுப்பு அலுவலகத்தில் படிவம் சரிபார்ப்பவன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவர்கள் வேறு. அவர்கள் நிரப்பிக் கொண்டுவரும் தாள்களை நாள் முழுக்க உட்கார்ந்து படிப்பது என் வேலை. வயது நான்கு என்று எழுதப்பட்டவருக்குத் திருமணமும் ஆகியிருந்தால் சிவப்பு மையில் சுழிப்பேன். இப்படிப் பத்தொன்பது வருடம் போயிருக்கிறது. எங்கள் அறையில் யாரும் அதிகம் பேசமாட்டோம். தாள் புரளும் சத்தம், மின்விசிறி, எப்போதாவது யாராவது தும்முவது. அந்த அமைதிக்காகவே இரண்டு முறை பதவி உயர்வை வேண்டாம் என்றிருக்கிறேன்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. ஒரே ஒருவர் மட்டும் எழுதினார். களப்பணிக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மாள். பயிற்சி வகுப்பில் "எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது" என்று சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு. "நாய் குரைத்தது, கடிக்கவில்லை." "பெரியவருக்குக் காது கேட்கவில்லை, ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றார்." "சுவர்க் கடிகாரம் ஓடவில்லை, அழகுக்காக மாட்டியிருக்கிறார்களாம்." அலுவலகத்தில் அவருக்குக் குறிப்பக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு நாள் குறிப்பக்காவின் இரண்டு படிவங்கள் சேர்த்துக் குத்தப்பட்டு வந்தன. ஒரே வாசல், ஒரே கூரை, இரண்டு குடும்பங்கள். குறிப்புக் கட்டத்தில் இவ்வளவுதான் இருந்தது:

"அடுப்பு இரண்டு. கரி ஒன்றில் மட்டும்."

பேனாவை மூடி வைத்தேன். அன்று வேறு படிவம் எதையும் நான் படிக்கவில்லை.

2

தொடக்கம் எழுதுவது லேசான காரியம் என்று நினைத்திருந்தேன்.

முதல் முயற்சி: "அந்த வீட்டின் சுவரில் காலை வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தபோது மூத்தவள் மெல்ல—"

(நிறுத்திவிட்டேன். வெயில் எல்லார் வீட்டுச் சுவரிலும்தான் விழுகிறது. அதற்குப் படிவத்தில் மதிப்பெண்கூடக் கிடையாது.)

இரண்டாம் முயற்சி: "வளரும் நாடொன்றில் வறுமை என்பது பல பரிமாணங்களைக் கொண்டதாகும். அவற்றுள்—"

(இது என் பிரிவு அதிகாரியின் குரல். அவர் வீட்டில் மனைவியிடமும் 'அவற்றுள்' என்றுதான் பேசுவார் என்று கேள்வி.)

மூன்றாம் முயற்சி: "ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள் இருந்தார்கள். அண்ணன் மனைவி ஒருத்தி, தம்பி மனைவி ஒருத்தி. பதினேழு வருடத்தில் அவர்கள் ஒரு முறைகூடச் சண்டை போட்டதில்லை. இப்போது அதுவே அவர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது."

இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு வருஷமா சண்டையே போடலையா?"

"ஆமாம்."

"ஏங்க, கதைன்னாலும் ஒரு அளவு வேணாமா?"

ஆனாலும் மூன்றாவதையே வைத்துக்கொண்டேன். உண்மையான வாக்கியம் அதுதான், அதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. சாட்சி பின்னால் வருவார். வயது பதினெட்டு.

3

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், வெறும் கூட்டல்தான்.

'உங்கள் வருமானம் எவ்வளவு' என்று கேட்டால் எந்த ஊரிலும் யாரும் சரியாகச் சொல்வதில்லை. இருப்பவர் குறைத்துச் சொல்வார், இல்லாதவர் மானத்துக்காகக் கூட்டிச் சொல்வார். அதனால் எங்கள் படிவம் வருமானத்தைக் கேட்பதில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு ஏழு மதிப்பெண், இருசக்கர வண்டிக்கு எட்டு, கட்டிலுக்கு ஐந்து, சம்பாதிக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஐந்து. இப்படியே போகும். கூட்டினால் முப்பதுக்கு மேல் வந்தால் அந்தக் குடும்பம் ஏழை இல்லை. முப்பதோ அதற்குக் கீழோ வந்தால் ஏழை. இதைத்தான் செய்தித்தாளில் கோடு என்று எழுதுகிறார்கள். நான் அதன் பக்கத்திலேயே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்த கேள்வி, குடும்பம் என்றால் என்ன? இதற்கு எங்கள் கையேட்டில் ஒரே வரிதான். ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரத்த உறவு, கூரை, பூட்டு, சாவி எதுவும் கணக்கில் இல்லை. அடுப்பு மட்டும்.

இந்த வீட்டில் அண்ணன் பக்கம் கட்டிலும் வண்டியும். தம்பி பக்கம் குளிர்சாதனப் பெட்டியும் தையல் இயந்திரமும். ஓர் அடுப்பு என்றால் எல்லாம் ஒன்றாகக் கூடி முப்பத்தேழு, ஏழை இல்லை. இரண்டு அடுப்பு என்றால் இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் பத்தொன்பது. இரண்டு ஏழைக் குடும்பங்கள்.

ஆட்கள் அதே ஏழு பேர். அரிசி அதே அரிசி. மூன்று செங்கல்லை முக்கோணமாக வைத்தால் நாட்டில் ஏழைக் குடும்பங்கள் இரண்டு கூடுகின்றன. ஒரு செங்கல்லைக் காலால் தட்டிவிட்டால் இரண்டும் காணாமல் போய்விடும். இவ்வளவு வேகமாக வறுமையை ஒழித்த திட்டம் எதையும் நான் படித்ததில்லை.

அவர்கள் ஏன் செங்கல்லை வைத்தார்கள் என்பதும் படிவத்திலேயே இருந்தது. அண்ணன் மகள், வயது பதினெட்டு. செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான அட்டையை மாதக் கடைசிக்குள் காட்டினால் கட்டணம் கிடையாது. காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். 'இன்னும் சேராததற்குக் காரணம்' என்ற இடத்தில் குறிப்பக்கா ஒரே சொல்லை எழுதியிருந்தார்: "அட்டை."

4

குறிப்பக்காவை வரச் சொல்லிக் கேட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ரெண்டு குடும்பம்னு எழுதிட்டீங்க. அப்புறம் எதுக்கு இந்தக் குறிப்பு?"

"பார்த்ததை எழுதினேன் சார். ஒரு அடுப்பு நல்லா கருப்பா இருந்துச்சு. இன்னொண்ணு நேத்து வாங்கின செங்கல் மாதிரி செக்கச்செவேல்னு இருந்துச்சு."

"எழுதாம விட்டிருக்கலாமே."

"கட்டம் இருந்துச்சே சார்."

கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். பிறகு அவரே சொன்னார்.

"அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினா சார். 'அக்கா, வேற ஒண்ணும் எழுதிட மாட்டீங்களே'ன்னு கேட்டா. நான் ஒண்ணும் எழுதலைன்னுதான் சொன்னேன். அப்ப நிஜமாவே ஒண்ணும் எழுதலை. தெருமுனைக்கு வந்து பார்த்தா கட்டம் காலியா இருக்கு."

"பக்கத்து வீட்டுக்கு என்ன எழுதினீங்க?"

"மாடிப்படி ஆடுது, பார்த்து ஏறணும்னு."

"இதுக்கும் அப்படி ஏதாவது எழுதியிருக்கலாம்."

"அவங்க வீட்டுல மாடி இல்லையே சார்" என்றார் குறிப்பக்கா. அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அது வராது.

5

இப்போது ஒரு சந்தேகம். எனக்கு இந்த அண்ணன் மனைவியை, அதாவது மூத்தவளை, தெரியாது. வயது நாற்பத்தொன்று, படிப்பு ஐந்தாம் வகுப்பு, தொழில் 'வீட்டு வேலை'. இந்த மூன்று தகவலை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை உருவாக்கப் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்துடன், அடிக்கடி பெருமூச்சு விடுகிறவளாக இரண்டு பக்கம் எழுதினேன். சேலையில் ஓர் ஒட்டுகூடப் போட்டேன்.

மனைவி படித்தாள்.

"யாரு இது?"

"மூத்தவள்."

"ஏன் இப்படி இருக்கா?"

"ஏழை இல்லையா."

"ஏழைன்னா பெருமூச்சு விட்டுட்டே இருப்பாங்களா? எங்க அம்மா வீட்டுல நாங்க ஆறு பேரு, ரெண்டு போர்வை. எங்க அம்மா மாதிரி சத்தமா சிரிக்கிற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். எங்கள் திருமணத்தில் அந்தச் சிரிப்பில் புகைப்படக்காரர் இரண்டு முறை படமெடுக்க மறந்தார். இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

(வாசகருக்கு: அந்தப் பக்கங்களில் ஒரு வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. 'அவள் மௌனம் ஒரு—' என்று தொடங்கும். வேண்டாம். பிடித்ததனாலேயே அது சந்தேகத்துக்குரியது.)

இன்னொரு கேள்வியும் கேட்டாள். "ஆம்பளைங்க ரெண்டு பேரும் எங்க போனாங்க?"

வேலைக்குப் போயிருக்கிறார்கள். அண்ணன் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவர், தம்பி கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். கதையில் அவர்கள் இவ்வளவுதான் வருகிறார்கள். படிவத்திலும் அவர்கள் இரண்டு ஐந்துகள், அவ்வளவே.

6

பிரிவு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அந்த இரண்டு படிவங்களும் அவர் மேசையில் இருந்தன.

"இதை நீங்களே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

"நானா சார்? நான் களத்துக்குப் போறதில்லையே."

"குறிப்புன்னு ஒண்ணு எழுதிட்டாங்க. இனிமே மறுசோதனை பண்ணாம விட முடியாது. ஒண்ணா ரெண்டா, அதை மட்டும் சொல்லுங்க. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"நடுவுல ஏதாவது இருந்தா சார்?"

அவர் படிவங்களை என் பக்கம் தள்ளினார். "அதுக்கு நம்மகிட்ட கட்டம் இல்லை" என்றார்.

இப்படித்தான் கதை எழுத உட்கார்ந்தவன் கதைக்குள் போக நேர்ந்தது. இதை நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் கொஞ்சம் நல்ல சட்டையாவது போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

அந்தத் தெருவில் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டும். மறுசோதனை நாளை முன்கூட்டியே தெரிவிப்பது எங்கள் விதி; வீட்டு வாசலில் அந்த அண்ணன் மகள் காத்து நின்றிருந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "வந்தாச்சு" என்றாள். உடனே உள்ளேயிருந்து ஒரு குரல் உயர்ந்தது.

"என் கொடியில உன் புருஷன் சட்டை எதுக்குடி தொங்குது?"

ஸ்கூட்டரை நிறுத்தக்கூட எனக்கு அவகாசம் தரவில்லை.

7

உள்ளே ஒரே அறை. நடுவில் ஒரு துணி மறைப்பு, புதிதாகக் கட்டியது. மறைப்பு பின்கட்டுவரை போய் நின்றுவிட்டது. பின்கட்டில் இரண்டு அடுப்புகள், இடையில் நான்கு அடி தூரம். இடப்பக்கம் கரிபிடித்த பழைய அடுப்பு, அதில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் செங்கல் அடுப்பு. அதிலும் தீ எரிந்தது, மேலே ஒரு பெரிய பாத்திரம். எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

பழைய அடுப்புக்கு முன் மூத்தவள். நான் எழுதிக் கிழித்த பெண்ணுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல அகலமான ஆள், கைகளில் பலம் தெரிந்தது. பேசத் தொடங்கும் முன்பே கன்னத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிடும் முகம். அதை அடக்கிக்கொண்டு கோபப்படுவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. இளையவள் குச்சி மாதிரி இருந்தாள். ஆனால் குரல் தெருமுனைவரை போகும்.

எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். சண்டை தொடர்ந்தது.

(நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு வசைச் சொல்லை மாற்றியிருக்கிறேன். இளையவள் சொன்னது அதைவிட நன்றாக இருந்தது, அச்சில் ஏறாது.)

"கொடி உன் பேர்ல எழுதியிருக்கா? நான் அப்படித்தான் போடுவேன் அக்கா."

மகள் தாளைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "சித்தி. அக்கான்னு சொல்லக் கூடாது."

"பழக்கமாயிடுச்சுடி. சரி. நான் அப்படித்தான் போடுவேன், மகாராணி."

"மகாராணியா? உனக்கு என்ன குறை வெச்சேன் நான்? போன மாசம் காய்ச்சல்ல கிடந்தியே, யாருடி ராத்திரி பகல் பாக்காம உக்காந்திருந்தது?"

"நீதான் உக்காந்திருந்தே. யாரு இல்லைன்னா?"

"கஞ்சி வேணாம் வேணாம்னு அடம் பிடிச்சியே, யாரு ஊட்டினது?"

"நீதான் ஊட்டினே. அதுக்காக என் பக்கெட்டை எடுப்பியா?"

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "அவங்களுக்குள்ள ரொம்ப நாளாவே ஒத்துப்போகலை சார்" என்றாள்.

"தெரியுது" என்றேன்.

"ஒரு வாரமா தனித்தனியாத்தான் சாப்பிடறோம். சித்தப்பா பழக்கதோஷத்துல முதல் நாள் எங்க அடுப்புகிட்ட உக்காந்துட்டாரு. அம்மா தட்டைப் பிடுங்கிட்டாங்க."

"பாவம்டி அவரு" என்று மூத்தவள் தன்னை மறந்து சொன்னாள். "பிடுங்கினதுல இருந்து எனக்கே மனசு கேக்கலை." பிறகு நினைவு வந்து குரலை உயர்த்தினாள். "அவரு தட்டுல சோறு போட நான் யாரு? அதுக்குத்தான் நீ இருக்கியே, ராட்சசி."

"நான் ராட்சசின்னா நீ யாரு? ராட்சசிக்கு அக்கா."

"சித்தி."

"சரிடி, விடுடி."

எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து படிவத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன். ஒன்று என்று எழுதப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். வேறு எதை எழுதுவது? இதைவிட ஒன்றாக இருக்கிற குடும்பத்தை நான் படிவங்களில்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பெண் என் பேனாவைப் பார்த்தாள். கையிலிருந்த தாளை இன்னும் சின்னதாக மடித்தாள். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை.

8

இளையவளுக்கு இப்போதுதான் உற்சாகம் பிடித்திருந்தது. பக்கெட்டை விட்டுவிட்டுச் சோப்புக்குத் தாவியிருந்தாள். பேசிக்கொண்டே எழுந்தாள், பேசிக்கொண்டே நான்கு அடியையும் கடந்தாள். கையை நீட்டி நீட்டி, "சோப்பு கரையுதுன்னா தண்ணியில போட்டா கரையாதா, என் சோப்பு என்ன கல்லா" என்று கேட்டபடியே, தன் பக்கத்து டப்பாவிலிருந்து மூன்று விரலால் அள்ளி வந்த உப்பை மூத்தவளின் பருப்பில் போட்டாள். கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறினாள். திரும்பித் தன் அடுப்புக்கு நடந்தாள். வாக்கியம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

தான் செய்தது அவளுக்கே தெரியாது. அவ்வளவு சரளமாக நடந்தது.

மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன போட்டே?"

"சோப்பா?"

"பருப்புல என்ன போட்டே?"

இளையவள் தன் விரல்களைப் பார்த்தாள். அவற்றில் இரண்டு மூன்று கல் ஒட்டியிருந்தது.

"உப்பு."

"நான் போட்டுட்டேனே."

இளையவள் விரல்களைச் சேலையில் துடைத்தாள்.

"எத்தனை நாளா இது?"

"அக்கா, சார் இருக்காரு."

"எத்தனை நாளா?"

"வந்ததுல இருந்து" என்றாள் இளையவள். பிறகு இன்னும் மெல்ல, "நீ எப்பவும் ஒரு விரல் குறைச்சுத்தான் போடுவே அக்கா. நீ குளிக்கப் போறப்ப போட்டு வெப்பேன். சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு."

மூத்தவள் மகளைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"உங்க அப்பாவுக்கு?"

"தெரியும்மா."

"பதினேழு வருஷம்" என்றாள் மூத்தவள். "என் கைக்குத்தான் இந்த ருசின்னு தெருவே சொல்லுது. அவரு நேத்துகூடச் சொன்னாரு. எல்லாரும் வாய மூடிட்டுச் சாப்பிட்டிருக்கீங்க."

கன்னத்தில் இருந்த சிரிப்பு இடம் தெரியாமல் போயிருந்தது. அவள் கத்தவில்லை. துணியால் பிடித்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். தீயை இழுத்து அணைத்தாள். துணி மறைப்பின் தன் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் ஒரு மௌனம் வந்தது. மௌனங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பேச எதுவும் இல்லாதது ஒரு வகை, பேசிப் பயனில்லாதது ஒரு வகை. இது பதினேழு வருடத்துச் சாப்பாட்டையும் ஒவ்வொரு வேளையாகத் திரும்பிப் பார்க்கிறவளின் மௌனம். முதலில் இதை 'ஒரு நிமிடம்' என்று எழுதினேன், பிறகு 'நெடுநேரம்' என்று திருத்தினேன், பிறகு இரண்டையும் அடித்துவிட்டேன்.

மகள் தாளை விரித்தாள். நாடகத்தை எழுதியவள் அவள்தான். தாளின் இரண்டு பக்கமும் பார்த்தாள். இந்த இடம் அதில் இல்லை.

இளையவள் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். பதினேழு வருடமாக நடந்து பழகிய தரை. நான்கு அடி. அவளால் கடக்க முடியவில்லை.

அப்போது மூத்தவள் முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"சார், எழுதிக்குங்க. ரெண்டு."

9

இங்கே நின்று யோசிக்கிறேன். ஏனென்றால் இதற்குமேல் போக எனக்கு மூன்று வழி இருந்தது.

முதல் முடிவு: மூத்தவள் சட்டென்று சிரித்துவிடுகிறாள், இளையவளைக் கட்டிக்கொள்கிறாள், எல்லாரும் பருப்பும் சோறும் சாப்பிடுகிறார்கள், எனக்கும் ஒரு தட்டு. நல்ல முடிவு. ஆனால் அப்படியானால் நான் ஒன்று என்றுதான் எழுத வேண்டும். அந்தப் பெண்ணின் இடம் போய்விடும். நம் மனநிறைவுக்காக ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் படிப்பைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் முடிவு: உப்பு நிஜமாகவே வீட்டைப் பிரித்துவிடுகிறது. செங்கல் அடுப்பிலும் கரி பிடிக்கிறது. படிப்பு கிடைக்கிறது, அம்மாவும் சித்தியும் பேசுவதில்லை. இலக்கியமாக இருக்கும். இதை எழுதிப் பார்த்தேன். நான்கு வரியிலேயே கை ஓடவில்லை.

மூன்றாவது என் மனைவி சொன்னது. "அந்தம்மா அடுத்த நாள்ல இருந்து உப்பே போடாம சமைச்சு வெச்சிருப்பா. பதினேழு வருஷமா திருட்டுத்தனமா போட்டேல்ல, இனிமே எல்லாரும் பாக்க நீயே போடுடின்னு."

அவள் இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாக்கறீங்க? எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க" என்றாள். மூன்றில் சிறந்தது இதுதான். ஆனால் இது அவளுடையது. நான் எடுத்துக்கொண்டால் திருட்டு.

உங்களைத் தவிக்கவிட மனமில்லை, ஒரு செய்தியை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அட்டை வந்தது. அந்தப் பெண் சேர்ந்துவிட்டாள். பிரிவு அதிகாரி என் தாளைப் படித்தார், என்னைப் பார்த்தார், முத்திரை போட்டார். அந்த ஆண்டு அறிக்கையில் வறுமை கொஞ்சம் குறைந்திருந்தது. நான் சேர்த்த இரண்டு குடும்பங்கள் அதன் எந்தத் தசமப் புள்ளியிலும் தெரியவில்லை.

பொய் எழுதினேனா என்று கேட்பீர்கள். மறுசோதனைத் தாளில் ஒரு வாசகம் அச்சடித்திருக்கும்: 'பார்வையிட்ட நேரத்தில் உள்ள நிலையை மட்டும் பதிவு செய்யவும்.' நேற்று எப்படி இருந்தார்கள் என்று அது கேட்பதில்லை. நாளைக்கு எப்படி இருப்பார்கள் என்றும் கேட்பதில்லை. நான் எழுந்து வெளியே வந்தபோது அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு துணியின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒருத்தி அடுப்பில் தீ இல்லை. இன்னொருத்தி அடுப்பில் வெறும் தண்ணீர். அதைப் போலியென்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது.

ஸ்கூட்டர் இருக்கையின் மேல் தாளை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நேரம்: பதினொன்று இருபது. குடும்பங்கள்: 2. கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று நின்றேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தெருவில் நின்ற நாய்க்கும் தெரியும், அது திரும்பிப் பார்த்தது. மனைவி இதுவரை ஏழெட்டு முறை கேட்டுவிட்டாள், அவளிடமும் சொல்லவில்லை. வண்டியை உதைத்தேன், கிளம்பிவிட்டேன்.

பதினொன்று இருபதுக்கு அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. அதற்கு நான் பொறுப்பு. பதினொன்று இருபத்தொன்று உங்களுடையது.